வாசலில் ஒரு கெமரா, அயலில் பல கண்கள்

காலைப் பெரட்டு முடிந்தபின் ஒரு லயம் எப்படி இருக்கும் என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். பெண்கள் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பாடசாலைக்கும் கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவுக்கும் போய்விடுவார்கள். இளவட்டங்களில் பலர் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிறார்கள். இருபது காம்பராக்கள் கொண்ட லயத்தில் மிஞ்சுவது நடக்க இயலாத ஓரிரு வயோதிபரும் ஒரு நாயும்தான். பகற்களவு நடப்பது இந்த நேரத்தில்தான். காஸ் சிலிண்டர், கோழி, தோட்டத்து லீக்ஸ், கோப்பைக்குள் வைத்த சீட்டுக் காசு, பெட்டிக்குள் இருந்த தோடு என்று போகும் பொருள் சிறியதுதான். ஆனால் அது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு.

இப்போது மாதர் கூட்டங்களுக்குப் போகுமிடமெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "டீச்சர், இஸ்தோப்புல ஒரு கெமரா மாட்டினா களவு நிக்குமா?"

இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் உண்டு. ஹட்டன், நுவரெலியா நகரங்களில் கடைக்குக் கடை கெமரா இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வரும்போது சிறிய கெமரா ஒன்றை வாங்கி வருகிறான். வெளிநாட்டில் பணிப்பெண்ணாக இருக்கும் மகள் தன் அம்மாவையும் பிள்ளைகளையும் கைத்தொலைபேசியில் பார்ப்பதற்காகக் காசு அனுப்பி ஒன்றைப் பொருத்தச் சொல்கிறாள். ஹட்டன் பக்கத்தில் வாசலில் படுத்திருந்த நாயைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போனதை வீட்டுக் கெமரா பதிவு செய்து, அது செய்தியில் வந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம்.

வடக்கு, கிழக்கில் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளுக்கும் இது சம்பந்தமான விடயமே. இந்திய அரசின் உதவியுடன் கட்டப்பட்ட முதல் 50,000 வீடுகளில் 46,000 வடக்கு, கிழக்கிலும் 4,000 மலையகத்திலும் அமைந்தன. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறி, பின்னர் அங்கே போரையும் அனுபவித்த குடும்பங்களும் உங்களிடையே இருக்கின்றன. லயத்தில் சுவருக்கு அப்பால் இருமினாலும் கேட்கும். தனி வீட்டில் அப்படியில்லை. ஒரு காணிக்கு ஒரு வீடு, அதில் பிள்ளைகளோடு தனியே ஒரு பெண் என்ற நிலை இரண்டு பக்கமும் இருக்கிறது. இரவில் கதவு தட்டப்பட்டால் திறப்பதா, விடுவதா என்ற பயத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெமரா ஒரு சாட்சி. நல்ல சாட்சியாகவும் இருக்கலாம். ஆனால் அது காவல்காரன் ஆகாது. கெமரா எதைப் பார்க்க வேண்டும், அது எடுத்ததை யார் பார்க்கலாம், அது ஆபத்தைக் காட்டினால் யார் ஓடி வருவது என்ற மூன்றையும் அயலிலுள்ள பெண்கள் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும். அப்படிச் செய்யாத இடத்தில் கெமரா புதிய வில்லங்கத்தையும் கொண்டு வரலாம்.

ஒரு தாதியின் கண்டுபிடிப்பு

வீட்டுக் கெமரா என்றதும் அது பணக்காரர்களுக்கும் பொலிஸாருக்கும் உரிய பொருள் என்று பலர் நினைக்கிறோம். ஆனால் அதன் ஆரம்பத்தில் இருப்பவர் ஒரு சாதாரண உழைக்கும் பெண்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் ஒரு கறுப்பினத் தாதி. அவருடைய கணவர் இலத்திரனியல் தொழிலாளி. இருவரும் வேளை கெட்ட வேளைகளில் வேலைக்குப் போய் வருபவர்கள். கணவர் இல்லாத இரவுகளில் மேரி வீட்டில் தனியே இருப்பார். அந்தப் பகுதியில் குற்றங்கள் அதிகம். பொலிஸாரை அழைத்தால் அவர்கள் வந்து சேர நெடுநேரம் ஆகும். கதவைத் திறக்காமலே வெளியில் நிற்பவரைப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்று மேரி யோசித்தார்.

கணவரின் துணையோடு அவர் வடிவமைத்த கருவிக்கு 1966இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2ஆம் திகதி காப்புரிமை கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரங்களில் சிறு துவாரங்கள் இருந்தன. நெட்டையானவர் வந்தாலும் சிறுபிள்ளை வந்தாலும் பார்க்கும்படி ஒரு கெமரா அவற்றினூடே மேலும் கீழும் நகரும். அந்தப் படம் படுக்கையறையில் உள்ள தொலைக்காட்சித் திரையில் தெரியும். வெளியில் நிற்பவரோடு கதவைத் திறக்காமலே பேசலாம். தெரிந்தவர் என்றால் இருந்த இடத்திலிருந்தே பூட்டைத் திறக்கலாம். ஆபத்து என்றால் ஒரு பொத்தானை அழுத்தி உதவிக்கு அழைக்கலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மேரி கெமராவை மட்டும் செய்யவில்லை. வந்தவரைப் பார்ப்பதற்கும், பேசுவதற்கும், கதவைத் திறக்காமல் இருப்பதற்கும், உதவியை அழைப்பதற்கும் சேர்த்தே வழி செய்தார். அழைத்தால் யாராவது வருவார்கள் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் திரையில் தெரியும் படத்தால் என்ன பயன்?

கெமரா களவைக் குறைக்கிறதா?

இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் நாற்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் குற்றவியல் அறிஞர்கள் நால்வர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வீட்டுக் கெமராக்களை விட, பெரும்பாலும் பொது இடங்களில் வைத்த கெமராக்களைப் பற்றியது அது. கெமரா உள்ள இடங்களில் குற்றங்கள் மொத்தத்தில் ஏறக்குறைய 13 சதவீதம் குறைந்திருந்தன. வாகனத் தரிப்பிடங்களில்தான் பலன் அதிகம். குடியிருப்புப் பகுதிகளில் ஏறக்குறைய 12 சதவீதம் குறைந்தது. ஆனால் அடிதடி போன்ற வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. கெமராவை யாராவது தொடர்ந்து கவனித்துக்கொண்டிருந்த இடங்களிலும், வெளிச்சம், காவல் முதலிய மற்ற ஏற்பாடுகளும் சேர்ந்திருந்த இடங்களிலும் பலன் கூடுதலாக இருந்தது.

திட்டமிட்டுத் திருட வருபவன் கெமராவைக் கண்டு யோசிப்பான். குடிவெறியிலோ கோபத்திலோ கை ஓங்குபவன் யோசிக்க மாட்டான். இதுவே அந்த அறிக்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது.

தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2016 ஜூன் 24ஆம் திகதி காலையில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போகக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பயணிகள் பலர் சுற்றி நின்றார்கள். அந்த நிலையத்தில் கெமரா இருக்கவில்லை. அருகிலிருந்த தெருக்களில் தனியார் பொருத்தியிருந்த கெமராக்களில்தான் சந்தேக நபரின் உருவத்தைப் பொலிஸார் தேட வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் சென்னைப் பொலிஸார் 'மூன்றாவது கண்' என்ற திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்காரரையும் கடைக்காரரையும் தெருவைப் பார்த்துக் கெமரா பொருத்தும்படி கேட்டார்கள். நகரெங்கும் இலட்சக்கணக்கில் கெமராக்கள் வந்தன. 2020இல் வெளிவந்த ஒரு சர்வதேசக் கணக்கெடுப்பு சதுர கிலோமீற்றருக்கு 657 கெமராக்களுடன் சென்னையை உலக நகரங்களில் முதலிடத்தில் வைத்தது. சங்கிலி பறிப்புகள் குறைந்ததாகப் பொலிஸார் அறிவித்தார்கள்.

தெருவிலே சங்கிலி அறுப்பவனைப் பிடிக்க இது உதவியிருக்கலாம். ஆனால் நுங்கம்பாக்கத்தில் அன்று பலர் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றபோதே அந்தப் பெண் இறந்தார் என்பதை மறக்கக் கூடாது. பார்ப்பது வேறு, குறுக்கே வருவது வேறு.

கம்பளையில் நடந்தது

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எமது மலைநாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2025 ஜனவரி 11ஆம் திகதி காலை கம்பளைக்கு அருகில் தவுலகலப் பகுதியில் தோழியோடு வகுப்புக்கு நடந்து போன ஒரு பாடசாலை மாணவி வேனுக்குள் இழுத்துப் போடப்பட்டுக் கடத்தப்பட்டாள். அந்த இடத்திலிருந்த கெமராவில் அது முழுவதும் பதிவாகியிருந்தது. அதே பதிவில் இன்னொன்றும் தெரிந்தது. வழியில் வந்த ஓர் இளைஞர் ஓடிவந்து அந்த மாணவியைக் காப்பாற்றப் போராடினார். ஓடத் தொடங்கிய வேனையும் அவர் விடவில்லை. அவர் மட்டும் குறுக்கே வந்திராவிட்டால் அந்தக் காட்சியைப் பார்த்து நாம் பெருமூச்சு விட்டிருப்போம், அவ்வளவுதான்.

காட்சி நாடெங்கும் பரவியது. இரண்டு நாட்களுக்குள் அம்பாறையில் சந்தேக நபர் பிடிபட்டார். மாணவி மீட்கப்பட்டாள். பிடிபட்டவர் அந்த மாணவியின் உறவினர்.

இதில் மூன்று பாடங்கள் உண்டு. ஒன்று, கெமராப் பதிவு பொலிஸாருக்கு விரைவாகக் கிடைத்தால் பலன் உண்டு. இரண்டு, கடத்தியவன் முன்பின் தெரியாத ஆள் அல்லன். கெமராவை நாம் அந்நியரைப் பார்க்க வைக்கிறோம். பெண்ணுக்கு ஆபத்தோ பல வேளைகளில் அறிந்த வீட்டிலிருந்துதான் வருகிறது. 2019இல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய பெண்கள் நல்வாழ்வுக் கணக்கெடுப்பில், துணையோடு வாழ்ந்த இலங்கைப் பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையினாலேயே உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று தெரிய வந்தது. வாசலைப் பார்த்த கெமராவுக்கு இது தெரியாது. மூன்றாவது, துன்பத்தில் கதறிய ஒரு பிள்ளையின் காட்சியை ஆயிரக்கணக்கானவர்கள் கைமாற்றிக்கொண்டார்கள். பொலிஸாருக்குக் கொடுப்பது கடமை. வேடிக்கைக்குப் பகிர்வது அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது துன்பம்.

வதந்தியும் படமும்

2011 ஓகஸ்ட் மாதத்தைத் தோட்டத்துப் பெண்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 'கிறீஸ் பூதம்' வருகிறது, உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய மர்ம மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்று மலையகத்திலும் கிழக்கிலும் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் பயம் பரவியது. பெண்கள் தனியே மலைக்குப் போகப் பயந்தார்கள். ஆண்கள் கத்தியும் தடியுமாக இரவில் விழித்திருந்தார்கள். ஹப்புத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் சந்தேகத்தின் பேரில் இருவர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் கிராமத்தவர் பலர் படையினரால் தாக்கப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பெண்களின் பயம் உண்மையான பயம். ஆனால் வந்தவன் யார் என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாத நிலையில், அந்தப் பயம் உயிர்களைக் காவு கொண்டது.

அப்போது வாசல்களில் கெமரா இருந்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். ஒருவேளை தெரிந்திருக்கும். ஆனால் படமே வதந்தியான கதையும் உண்டு. பாகிஸ்தானின் கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். முடிவில் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பாருங்கள் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்த முடிவை வெட்டிவிட்டார்கள். மிகுதி, தெருக் கெமராவில் பதிவான உண்மைக் கடத்தல் போலவே இருந்தது. அது வட்ஸ்அப்பில் இந்தியா முழுவதும் சுற்றியது. 2018இல் பிள்ளை பிடிக்கும் கூட்டம் என்ற சந்தேகத்தில் பல மாநிலங்களில் அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்த 65 வயது மூதாட்டி ஒருவரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அது 2018 மே மாதம் நடந்தது.

ஆகவே, கெமராவில் தெரிந்த ஓர் உருவத்தை, "இவன்தான் கள்ளன், கண்டால் பிடியுங்கள்" என்று எழுதி அனுப்புவதற்கு முன் நூறு தடவை யோசிக்க வேண்டும். பின்னேரம் வழி தவறி வந்த விற்பனைக்காரராகவும் அவர் இருக்கலாம்.

லயத்தில் வைக்கும் கெமரா யாரைப் பார்க்கும்?

கொழும்பில் மதில் கட்டிய வீட்டின் கெமரா அந்த வீட்டு முற்றத்தைப் பார்க்கும். லயத்தில் மதில் ஏது? ஒரு காம்பராவின் இஸ்தோப்பில் மாட்டிய கெமரா பக்கத்து வாசலைப் பார்க்கும், எதிர் லயத்தைப் பார்க்கும், பீலிக்கரையையும் மலசலகூடத்துக்குப் போகும் பாதையையும் பார்க்கும். ஈரப் பாவாடையோடு குளித்துவிட்டு வரும் பெண்ணும், வாசலில் பால் கொடுக்கும் தாயும், பாடசாலை விட்டு வந்து உடை மாற்றும் பிள்ளையும் அந்தக் கெமராவுக்குள் இருக்கிறார்கள். அதைக் கொழும்பில் இருக்கும் ஓர் இளைஞன் கைத்தொலைபேசியில் பார்க்கலாம். அவனுடைய அறை நண்பர்களும் எட்டிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனைவி யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு வெளியில் போகிறாள் என்று தூரத்திலிருந்து கணக்கெடுப்பதற்காகவே கெமரா பூட்டும் கணவர்மாரும் உண்டு. கள்ளனுக்கென்று வந்த கெமரா, வீட்டுப் பெண்ணைச் சிறை வைக்கும் காவலாகிவிடும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளிலும் பதிவுகளிலும் விசாரணைகளிலும் அந்நியர் பார்வையின் கீழ் வருடக்கணக்கில் வாழ்ந்த பெண்களுக்கு, எந்நேரமும் பார்க்கப்படுவது எவ்வளவு பாரம் என்று தெரியும். அந்தப் பாரத்தை நாமே விலை கொடுத்து வாங்கி எமது அயலவளின் தலையில் ஏற்றக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்காக நிறைவேற்றப்பட்டது. ஒருவர் தம்முடைய சொந்த, வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்திருக்கும் தகவல்களுக்கு அது பொருந்தாது. ஆனால் பொதுப் பாதையையும் அடுத்தவரின் வாசலையும் பார்க்கும் கெமரா வீட்டுத் தேவைக்கு மட்டுமானதா? செக் நாட்டவர் ஒருவர் தம் வீட்டைத் தாக்கியவர்களைக் கண்டுபிடிக்கக் கெமரா பொருத்திய வழக்கில், தெருவையும் பதிவு செய்யும் கெமராவை முற்றிலும் வீட்டுத் தேவை என்று கொள்ள முடியாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அது எமது நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலுள்ள நியாயம் எமது லயத்துக்கும் பொருந்தும்.

கூடிக் காத்த குடியிருப்பு

கெமரா வாங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்வது? 2024இல் நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போன பின் கெமராவுக்கும் மாதாந்த இணையக் கட்டணத்துக்கும் எல்லோராலும் கொடுக்க இயலாது. அப்படிப்பட்டவர்களுக்காகவே நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு.

இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் கேர்க்ஹோல்ட் என்பது அரச வீடுகளில் தொழிலாளர் வாழும் குடியிருப்பு. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 1980களின் நடுப்பகுதியில் அங்கே வீடுடைப்புக் களவு மிக அதிகம். ஆராய்ந்து பார்த்தவர்கள் இரண்டு உண்மைகளைக் கண்டார்கள். ஒருமுறை களவு போன வீட்டுக்கே கள்ளன் திரும்பவும் வருகிறான். காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் பெறும் பெட்டிகள் வீடுகளில் இருந்ததால், அவற்றை உடைத்துச் சில்லறைக் காசை எடுக்கவே பலர் வருகிறார்கள்.

1986இல் திட்டம் தொடங்கியது. களவு போன வீடுகளிலிருந்து அந்தக் காசுப் பெட்டிகளை அகற்றினார்கள். கதவு, யன்னல்களுக்கு உறுதியான பூட்டுப் போட்டார்கள். களவு போன ஒவ்வொரு வீட்டையும் சுற்றியுள்ள ஆறு வீட்டாரைச் சேர்த்து, ஒரு கூடு போல அந்த வீட்டைக் கவனிக்கச் செய்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் அந்தக் குடியிருப்பில் வீடுடைப்புகள் நான்கில் மூன்று பங்கு குறைந்தன. அந்த ஏற்பாட்டின் உயிர் அயலவர்தான்.

இதை எமது லயத்துக்கு எப்படிக் கொண்டுவரலாம்? என் யோசனைகள் இவை.

களவு போன வீட்டுப் பெண்ணைத் தனியே விடாதீர்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்கு இரு பக்கத்து வீட்டாரும் எதிர் வீட்டாரும் அந்த வாசலைத் தம் வாசல் போலப் பார்க்க வேண்டும்.

கள்ளனை வரவழைக்கும் பொருளை வீட்டில் குறையுங்கள். சீட்டுக் காசும் நகையும் பெட்டியில் இருக்கிறது என்று லயத்துக்கே தெரிந்தால் கள்ளனுக்கும் தெரியும். வங்கியில் போடுங்கள்.

பகலில் வீட்டில் இருக்கும் பாட்டிமாருக்கு ஒரு மணியோ ஊதுகுழலோ கொடுங்கள். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து மலையில் கொழுந்து எடுப்பவர்களில் யார் இறங்கி வருவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பீலிக்கரைக்கும் மலசலகூடத்துக்கும் போகும் பாதையில் வெளிச்சம் வேண்டும். ஆள் அசைந்தால் எரியும் விளக்குகள் கெமராவை விட மலிவு. தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் கூட்டாகக் கேட்டால் ஒரு பெண் தனியே கேட்பதை விடப் பலன் உண்டு.

கெமரா பொருத்துவதென்றால்

இவ்வளவையும் யோசித்த பின், பொருத்துவோம் என்று நீங்கள் தீர்மானித்தால், கீழ்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலில் அயலவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கெமராவின் படத்தைக் கைத்தொலைபேசியில் திறந்து, அடுத்த வீட்டு அக்காவின் கையில் கொடுத்து, "உங்கள் வாசல் இதில் தெரிகிறதா?" என்று கேளுங்கள். தெரிந்தால் திருப்புங்கள். பல கெமராக்களில் வேண்டாத பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதியும் உண்டு. பீலிக்கரையும் மலசலகூடமும் எக்காரணம் கொண்டும் தெரியக் கூடாது. குரலைப் பதிவு செய்யும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

கடவுச்சொல் வீட்டுப் பெண்ணின் கையில் இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அந்நியர் இணையம் வழியாக உள்ளே பார்க்கலாம். பொருத்தித் தந்த கடைக்காரருக்கும் அது தெரிந்திருக்கக் கூடாது.

மிக உயரத்தில் மாட்டினால் தொப்பிதான் தெரியும், முகம் தெரியாது. கைக்கு எட்டாத, ஆனால் முகம் தெரியும் உயரமே நல்லது. நுவரெலியாப் பக்கத்தில் பனிமூட்டம் இன்னொரு சிக்கல். இரவில் கெமரா பாய்ச்சும் கண்ணுக்குத் தெரியாத ஒளி பனியில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளையாகிவிடும். வாசலில் தனியாக ஒரு மின்குமிழ் எரிந்தால் ஓரளவு பரவாயில்லை.

மின்சாரம் போனால் சாதாரணக் கெமரா குருடாகிவிடும். 2022 மார்ச் மாத முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எண்ணிப் பாருங்கள். ஆகையால் கெமராவை நம்பிப் பூட்டையும் நாயையும் கைவிட வேண்டாம்.

பதிவு நினைவட்டையில் சில நாட்களுக்குத்தான் இருக்கும். பின்னர் பழையது அழிந்து புதியது அதன் மேல் பதிவாகும். சம்பவம் நடந்த அன்றே வேறொரு கருவிக்குப் பிரதி எடுங்கள். வெட்டவோ ஒட்டவோ எழுத்துச் சேர்க்கவோ வேண்டாம். கெமராவின் திகதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி இத்தகைய பதிவுகளை நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்டலாம். ஆனால் கருவி ஒழுங்காக இயங்கியது, பதிவு மாற்றப்படவில்லை என்பதெல்லாம் கேட்கப்படும்.

பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது தமிழில் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். தனியே போகாமல் மாதர் சங்கத்தில் ஒருவரோடு போங்கள். அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர் சம்பந்தமானதற்கு 1929 ஆகிய இலக்கங்களைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். வன்முறை வீட்டுக்குள்ளே என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

அடுத்த மாதர் கூட்டத்தில் கெமரா விலையைப் பேசுவதற்கு முன் ஒரு காகிதத்தில் உங்கள் லயத்தை அல்லது வீதியை வரையுங்கள். எந்த வீட்டில் பகலில் ஆள் இருக்கும், எந்த வீட்டில் பெண் தனியே இருக்கிறாள், எந்த இடம் இருட்டு, எந்த வீட்டில் களவு போனது என்று குறியுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக, அவள் சத்தம் போட்டால் ஓடி வரும் இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். இரண்டு பெயரும் எழுத முடியாத வீடு எதுவோ, அந்த வீட்டில்தான் உங்கள் வேலையைத் தொடங்க வேண்டும்.